அடித்தட்டில் கிடந்த நட்சத்திரம்

கப்பலில் பெட்டி அடுக்குவதற்குப் பிளான் போடுவது என் தொழில். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில், ஏசி குளிருக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எந்தக் கன்டெய்னர் கப்பலின் எந்த மூலையில் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கிறவள் நான். பொம்பளப்பிள்ளைக்கு எதற்கு ஹார்பர் வேலை என்று நாசரேத்திலிருந்து பஸ் ஏறி வந்து அப்பாவுக்குப் புத்தி சொன்ன சொந்தக்காரர்கள், இப்போது தங்கள் மகன்களுக்கு அதே ஹார்பரில் வேலை கேட்டு, பயோடேட்டாவோடு என் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். பெருமை பீற்றிக்கொள்கிறாள் என்று தோன்றினால் தோன்றட்டும். கடைசிவரைக்கும் அதைத்தான் செய்யப்போகிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எளிதான வேலை. ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று எண்கள். கப்பலின் மூக்கிலிருந்து வால்வரை எத்தனையாவது கட்டம், குறுக்கே எத்தனையாவது வரிசை, கீழேயிருந்து எத்தனையாவது அடுக்கு. இந்த மூன்றும் தெரிந்தால் எந்த ஊர்த் துறைமுகத்திலும் எவரும் அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்துவிடலாம். கஷ்டம் அடுக்குவதில்தான் இருக்கிறது. கனமான பெட்டி அடியில் போக வேண்டும், லேசானது மேலே. மாற்றி வைத்தால் கப்பல் ஆடும். அதே சமயம், முதல் துறைமுகத்தில் இறங்க வேண்டிய பெட்டி மேலே இருக்க வேண்டும், கடைசித் துறைமுகத்துப் பெட்டி அடியில் கிடக்கலாம். இந்த இரண்டு விதிகளும் ஒரே வீட்டில் இருக்கும் மாமியாரும் மருமகளும் மாதிரி. ஒன்றுக்குச் சாதகமாகப் போனால் மற்றது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டையும் சமாதானப்படுத்தியே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். என் பிளானால் ஒரு கப்பலும் சாய்ந்ததில்லை.

நான் கம்ப்யூட்டரில் வைப்பதை நிஜத்தில் தூக்கி வைத்தவன் என் அண்ணன். ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். நான் அலுவலகத்தில் கீழே, அவன் கப்பலுக்கு மேலே கண்ணாடிக் கூண்டில். என் பிளானில் ஏதாவது கோணலாகப் பட்டால், டீ குடிக்கக் கீழே இறங்கியதும் போன் வரும்.

"ஏளா, கொழும்புல எறங்குத பெட்டிய அடியில போட்டுட்டு, அதுக்கு மேல துபாய் பெட்டிய ஏத்தச் சொல்லுத. கொழும்புக்காரன் என்ன கெணறு வெட்டியா எடுப்பான்?"

"அது கனம் ஜாஸ்திண்ணே. அதான் அடியில."

"கனமாம் கனம். எவன் மொதல்ல கேப்பானோ அவனுக்கு மொதல்ல கையில கெடைக்கணும்லா."

நானும் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. இரண்டு பேரும் போனிலேயே சண்டை போடுவோம். பாதி நாள் அவன் சொன்னது சரியாக இருக்கும், பாதி நாள் நான் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவன் வீட்டில் சாப்பிடும்போது அந்தச் சண்டை குழம்போடு சேர்ந்து மறுபடியும் பரிமாறப்படும். அவன் மனைவி, எங்கள் பேச்சில் மயினி, "கப்பலைக் கொண்டுபோயி கடல்ல வையுங்க, இது சோத்துத் தட்டு" என்று இரண்டு பேரையும் சேர்த்து அதட்டுவாள்.

எட்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அதைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை.

மயினியிடம் மிஞ்சியது அவனுடைய போன். அவள் அதை எடுத்து வைத்துப் பூட்டவில்லை, தன்னுடையதாக்கிக்கொண்டாள். பழைய போனைத் தூக்கிப் போட்டுவிட்டு இதில் பேசினாள், இதில் பாட்டுக் கேட்டாள், இதில் சபைப் பெண்களுக்குக் கூட்ட நேரம் சொன்னாள். ஷார்ஜாவில் இருக்கும் மகன் புதுப்போன் வாங்கி அனுப்பினான். அது பீரோவில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. பேட்டரியை மாற்றி மாற்றி, கண்ணாடியை ஒட்டி ஒட்டி, இந்தப் போனை அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் உலகம் பழைய போன்களுக்காகக் காத்திருப்பதில்லை. முதலில் பேங்கு ஆப் போனது. பிறகு வீடியோவில் மகனோடு பேசும் ஆப், "உங்கள் போனில் இனி வேலை செய்யாது" என்று சொல்லிவிட்டு நின்றது. ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்த மயினி ஒருநாள், "கடைசியில இதை வெறும் டப்பாவா ஆக்கிருவாங்க போலுக்கு" என்றாள். அதைச் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நட்சத்திரம் என் கைக்கு வந்தது. நான் அதைத் தேடிப் போகவில்லை. எங்கள் அலுவலக மென்பொருள் கப்பலை வெட்டி வெட்டித் தட்டையாகக் காட்டும். அதை முழுசாக, சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மாதிரி ஒன்று செய்ய முடியுமா என்று எனக்கு வெகுநாள் ஆசை. இலவசமாக ஏதாவது கிடைக்குமா என்று இணையத்தில் துழாவினேன். கிடைத்தது கப்பல் இல்லை, வானம். விண்வெளியில் ஒரு செயற்கைக்கோள் வருடக்கணக்காக நட்சத்திரங்களை அளந்து, எது எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று பட்டியல் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலை எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கிறார்கள். பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து அதை முப்பரிமாணத்தில் விரித்துக் காட்ட ஒரு மென்பொருள் செய்திருந்தார்கள். காசு கிடையாது, பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். போனில் இணையப் பக்கமாகத் திறந்தாலே போதும்.

திறந்து பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மூன்று எண்கள். இது நம்ம பிளான்தானே என்று நினைத்துக்கொண்டேன். அண்ணாந்து பார்க்கும்போது ஒரே கூரையில் ஒட்டவைத்த மாதிரி தெரிகிற வானம், விரலால் திருப்பினால் ஆழமும் பள்ளமுமாகப் பிரிந்து போனது. பக்கத்துப் பக்கத்தில் நிற்பதாக நாம் நினைக்கிற இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று அடுத்த தெரு, இன்னொன்று அடுத்த மாநிலம். கப்பலை மறந்துவிட்டேன். பெயர்களைத் தமிழில் போட்டுக் கொடுத்தேன், அலுவலகத்தில் பழகிய கொஞ்சநஞ்ச நிரல் எழுத்தை வைத்து ஒன்றிரண்டு பிழைகளைத் திருத்தி அனுப்பினேன். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். திருத்தியவர்கள் பெயர் வரும் பக்கத்தில், வாயில் நுழையாத பெயர்களுக்கு நடுவே என் பெயரும் வந்தது. அதை நான் எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று கேட்காதீர்கள்.

மயினிக்கும் காட்டினேன். அவள் போனிலேயே திறந்து கொடுத்தேன். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. கொஞ்ச நேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பெருசு எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

"எது மயினி பெருசு?"

"உங்க அண்ணன் சொல்லுவாவல்லா. கிரேன்ல இருந்து பாக்கும்போது கடலுக்கு மேல ஒண்ணு பச்சையும் செவப்புமா மின்னும், மொத நாளு கப்பல் வெளக்குன்னு நெனச்சு ஏமாந்துட்டேன்னு."

சிரியஸ். இரவு வானத்து நட்சத்திரங்களிலேயே மிகப் பிரகாசமானது. கடல் விளிம்பை ஒட்டி எழும்பும்போது அப்படித்தான் நிறம் மாறி மாறி மின்னும். எடுத்துக் காட்டினேன். அன்றிலிருந்து மயினிக்கு அதுதான் பொழுது. மாலையில் துணி எடுக்க மாடிக்குப் போகிறவள் அந்தப் போனையும் கொண்டுபோவாள். மேலே ஒரு பார்வை, கையில் ஒரு பார்வை. அந்தப் போனில் பேசுவதைத் தவிர வேலை செய்கிற ஒரே காரியமாக அதுதான் மிஞ்சியிருந்தது.

ஒரு வருடம்போல இப்படிப் போனது. பிறகு செயற்கைக்கோளின் புதிய பட்டியல் வெளியானது. பழையதைவிடப் பல மடங்கு பெரியது. மென்பொருளின் அடுத்த பதிப்பு இந்தப் பட்டியலோடு வரும் என்று அறிவித்தார்கள். கூடவே கடைசியில் ஒரு வரி, பழைய, மெமரி குறைந்த போன்களில் இனி இது திறக்காது, வருந்துகிறோம் என்று.

எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் நன்றாக வரும். அன்று மிக நன்றாக வந்தது. வானம் எல்லோருக்கும் பொது என்று முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்களே, அந்த எல்லோரில் எங்கள் ஊர் உண்டா இல்லையா என்று கேட்டு எழுதினேன். இங்கே பாதிப் போன்கள் மகன் போட்டுக் கழித்தது, மருமகன் கொடுத்துவிட்டுப் போனது. வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில் பழசாகி வந்து சேர்வது. அவர்களையெல்லாம் ஒரு வரியில் இறக்கிவிடுவீர்களோ என்று நீட்டி எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு ஒரு டீ குடித்தேன். கோபம் ஆறவில்லை.

அந்தத் திட்டத்தைக் கட்டி நிர்வகிக்கிறவள் பனி பெய்கிற நாட்டில் இருக்கும் ஒரு பெண். நாங்கள் நேரில் பார்த்ததில்லை. பதிலுக்குக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுதியது நாலே வரி. நீங்கள் சொல்வது நியாயம், ஆனால் எங்களில் யாரிடமும் அப்படிப்பட்ட போன் இல்லை, அதற்காக வேலை செய்ய ஆளும் இல்லை. புதிய பட்டியலை அதில் திறந்து காட்ட உங்களால் முடிந்தால், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொண்டால், அந்த வரியை எடுத்துவிடுகிறோம். அடுத்த பதிப்பு வெளிவரும்வரை நேரம் இருக்கிறது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மயினியிடம் விஷயத்தைச் சொன்னேன், ஒளிக்கவில்லை. அவள் போனைத் திருப்பி அதன் முதுகைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்னால முடியலன்னா?"

"முடியலன்னா இதுல வானம் வராது மயினி."

"அப்ப இதுல ஒண்ணுமே வராது" என்றாள். "சரி, முடியலன்னா சொல்லு. இதை எடுத்து உங்க அண்ணன் சட்டையோட வச்சிருதேன். பீரோவுல கெடக்க புதுசைப் பிரிச்சுக்கிடுதேன். அம்புட்டுத்தான."

அம்புட்டுத்தான் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இத்தனை வருடமாக அவள் செய்யாத ஒரு காரியத்தை, அவனை எடுத்து வைக்கிற காரியத்தை, என் கைவேலை தோற்றால் செய்ய வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன்.

பிரச்சினையை என் பாஷையில் சொல்கிறேன். புதிய பட்டியல் பெரிய கப்பல். மயினியின் போன் சின்னத் துறைமுகம், அதில் இவ்வளவு சரக்கையும் இறக்க இடம் கிடையாது. அதனால் வானத்தைக் கனசதுரங்களாக வெட்டினேன், ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. பார்க்கிறவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கத்துப் பெட்டிகள் மட்டும் வந்தால் போதும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நட்சத்திரங்களை அடுக்காக வைத்தேன். போன் மேலடுக்கிலிருந்து இறக்கிக்கொண்டே வரும், இடம் நிறைந்ததும் நிறுத்திக்கொள்ளும். மெமரி அதிகம் உள்ள போன் அடிவரைக்கும் இறக்கும், குறைந்தது பாதியில் நின்றுவிடும். ஆனால் எதிலும் திறக்கும். அலுவலகத்திலிருந்து வந்து, சமையலை முடித்து, மகளோடு சாப்பிட்ட தட்டைக் கழுவிய கையோடு உட்கார்ந்து இதற்கு நிரல் எழுதினேன். எழுத எழுத எனக்கே என் மேல் மரியாதை கூடியது. வானியல் படித்தவர்கள் யோசிக்காத ஒன்றை, பெட்டி அடுக்குகிறவள் யோசித்திருக்கிறாள். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் லேப்டாப்பில் கண்மூடித் திறப்பதற்குள் முழு வானமும் வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு மயினி வீட்டுக்குப் போனேன். போனில் ஏற்றினேன். கொஞ்சம் யோசித்தது. பிறகு திரை முழுவதும் பொடிப்பொடியாக நட்சத்திரம் நிறைந்தது. பழைய பதிப்பைவிட வேகம். நான் மக்ரூனை எடுத்து மயினியின் வாயில் வைக்கப் போனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மயினி, எல்லாம் வந்துட்டுல்லா?"

"எல்லாம் வந்துட்டு. பெருசு எங்கன?"

வாங்கிப் பார்த்தேன். சிரியஸ் இல்லை. அதற்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க வேண்டிய மூன்று நட்சத்திரங்கள் இல்லை. திருவாதிரை இல்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒரு நட்சத்திரமும் இல்லை. தொலைநோக்கியில் பார்த்தால்கூடச் சிரமப்பட்டுத் தெரிகிற மங்கல்கள் லட்சக்கணக்கில் இருந்தன. கல்யாண வீட்டில் பந்திக்கு வந்தவர்கள் எல்லோரும் இருக்க, மாப்பிள்ளையையும் பெண்ணையும் காணவில்லை.

மயினி மக்ரூனை வாங்கித் தானே தின்றாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவுக பாத்த வானம் இல்லளா" என்றாள்.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். பட்டியலில் விட்டுப்போயிற்றா என்று முதலில் சந்தேகப்பட்டேன். மிகப் பிரகாசமான நட்சத்திரங்கள் அந்தச் செயற்கைக்கோளின் கண்ணைக் கூசவைக்கும், அதனால் அவற்றை மட்டும் வேறொரு பழைய பட்டியலிலிருந்து எடுத்துச் சேர்த்திருந்தோம். அவை சேர்ந்துதான் இருந்தன. லேப்டாப்பில் சிரியஸ் பளிச்சென்று நின்றது. சரக்கு கப்பலில் இருக்கிறது, ஆனால் இறங்கவில்லை. எந்த அடுக்கில் வைத்தேன் என்று நான் எழுதிய நிரலை நானே படித்தேன். படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

பிரகாசமான நட்சத்திரங்களை எல்லாம் அடியில் வைத்திருக்கிறேன். எவரும் சொல்லவில்லை, யோசித்தும் செய்யவில்லை. இத்தனை வருடப் பழக்கம் கை வழியாகவே வந்திருக்கிறது. பெரியது கனமானது, கனமானது அடித்தட்டில். மங்கலானது லேசு, லேசானது மேலே. லேப்டாப்புக்கு வயிறு பெரிது, ஒரே மூச்சில் அடிவரை இறக்கிவிட்டதால் வரிசை எனக்குத் தெரியவில்லை. மயினியின் போன் மேலே கிடந்த தூசியை எல்லாம் இறக்கி இறக்கி நிறைந்துபோய், சிரியஸுக்கு வந்து சேருவதற்குள் நின்றுவிட்டது. உலகத்தில் எந்த வானியல்காரனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். ஹார்பர்க்காரி ஒருத்திதான் செய்ய முடியும்.

கனமாம் கனம் என்று அண்ணன் சொல்வது எனக்குக் கேட்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வானம் என்ன கப்பலா கவிழ்ந்துவிட? முதலில் யார் கேட்பார்களோ அவர்களுக்கு முதலில் கையில் கிடைக்க வேண்டும். மயினி முதலில் கேட்பது சிரியஸை. வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்த எவரும் முதலில் தேடுவது கண்ணுக்குத் தெரிகிறவற்றைத்தான். அடுக்கை அப்படியே தலைகீழாகப் புரட்டினேன். பெரியவை மேலே, பொடிகள் அடியில். இந்த முறை மக்ரூன் வாங்கவில்லை, வெறுங்கையோடு போனேன்.

மயினி மாடியில் நின்றாள். போனில் ஏற்றினேன். திரை கறுத்தது. முதலில் வந்த ஒற்றைப் புள்ளி சிரியஸ். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள், மூன்று நட்சத்திரம், திருவாதிரை, கார்த்திகைக் கூட்டம். மயினி தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்தாள், குனிந்து ஒருமுறை பார்த்தாள்.

"வந்துட்டாவ" என்றாள்.

நான் செய்த காரியங்களில் எது பெரியது என்று யாராவது கேட்டால், மகளை வளர்த்ததைச் சொல்வேன். அடுத்தபடியாக இதைச் சொல்வேன்.

என் வேலையை அனுப்பி வைத்தேன். பனிநாட்டுப் பெண் இரண்டு நாள் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதினாள். எங்கள் எல்லோருடைய புதிய கருவிகளிலும்கூட இப்போது வானம் முன்னைவிடச் சீக்கிரம் திறக்கிறது, பழைய போனுக்காக மட்டும் இல்லை, எல்லோருக்கும் இந்த அடுக்கையே வைத்துக்கொள்ளப்போகிறோம் என்று. அந்த ஒரு வரி அறிவிப்பிலிருந்து நீக்கப்பட்டது. என் அலுவலக மேலாளர் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, "ஒரு ஓவர்டைமும் கெடையாதா?" என்று கேட்டார். கிடையாது அண்ணாச்சி என்றேன். அவருக்கு என் மேல் பாவமாகப் போய்விட்டது. எனக்கு அவர் மேல்.

அந்தப் பெண் இன்னொன்றும் கேட்டிருந்தாள். உங்கள் உறவினரின் போன் இருப்பதால்தான் பிழை தெரிந்தது, இனி ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடுவதற்கு முன்னால் அந்தப் போனில் திறந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று. மயினியிடம் கேட்டேன். "பாத்துச் சொல்லணும், அம்புட்டுத்தான?" என்றாள். ஆனால் அவள் அதைச் செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். சாயங்காலம் குளித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சபைக் கமிட்டிக்கு உட்கார்கிற மாதிரி உட்காருவாள். பெருசு முதலில் வருகிறதா, மூன்று நட்சத்திரம் நேராக நிற்கிறதா, விரலால் திருப்பினால் தடுக்குகிறதா என்று வரிசையாகப் பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால், "இதை வெளிய விடாதே. நம்ம பேரு கெட்டுப்போவும்" என்பாள். அதை நான் நாகரிகமான இங்கிலீஷில் மாற்றி எழுதுவேன். அவள் சொல்லித் தள்ளிப்போன பதிப்பும் உண்டு. தூத்துக்குடியில் ஒரு வீட்டு மாடியில் தலையாட்டிய பிறகுதான் அந்த வானம் உலகத்துக்குப் போகிறது. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

இந்த மாசியில் ஒரு புதிய பதிப்பு சோதனைக்கு வந்தது. அதில் ஒரு புது வசதி சேர்த்திருந்தார்கள். எந்த நட்சத்திரத்தைத் தொட்டாலும் அங்கேயே போய் நிற்கலாம், நின்று எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கலாம். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. உப்புக் காற்று அடித்தது, ஹார்பர் பக்கம் கிரேன் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மயினி சிரியஸைத் தொட்டாள். திரை அதை நோக்கி நகர்ந்து போய் நின்றது. மெல்லத் திருப்பினாள்.

"நம்ம எங்கன இருக்கோம்?"

காட்டினேன். சுமாரான ஒரு புள்ளி. பக்கத்தில் சூரியன் என்று நான் போட்ட எழுத்து.

"இம்புட்டுத்தானா" என்றாள். பிறகு கீழே இருந்த எண்ணைப் படித்தாள். "இது என்னளா, எட்டுப் புள்ளி ஆறு?"

"தூரம் மயினி. இங்கன இருந்து அங்கன போயிச் சேர வெளிச்சத்துக்கு எட்டரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும்."

"அப்ப அங்கன நின்னு இங்கன பாக்கவனுக்கு, நம்ம எட்டரை வருஷத்துக்கு முந்திதான் தெரிவோம்?"

"ஆமா. அம்புட்டுத் தூரம் பாக்கக் கண்ணு இருந்தா."

"கண்ணு இருந்தா இருக்கட்டும், இல்லாட்டி போவட்டும். நான் கேக்கது, நீ சொல்லுதது உண்மைதானா?"

"உண்மைதான் மயினி."

விரல்களை மடக்கிப் பின்னோக்கி எண்ணினாள். மாசி, தை, மார்கழி என்று உதடு அசைந்தது. ஒரு விரலில் வந்து நின்றாள்.

"அது ஆடி மாசம்லா" என்றாள். "மாதா கோயில் திருவிழா. என்னையப் பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனாவ. டெல்லி அப்பளம் வாங்கி ஆளுக்குப் பாதி தின்னோம். மொளகாப்பொடி அம்புட்டும் வெள்ளைச் சட்டையில கொட்டி, நான் வீடு வாரவரைக்கும் ஏசிக்கிட்டே வந்தேன்." திரையில் இருந்த அந்தச் சுமாரான புள்ளியின் மேல் விரலை வைத்தாள். "அப்ப அங்கன இருந்து பாத்தா, அது இன்னைக்குத்தான் நடக்கு."

என் புத்தி கணக்குப்புத்தி, அது சும்மா இருக்காது. ஆடி தெரிகிறது என்றால், அண்ணன் இறந்த ஐப்பசியும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். மயினி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஐப்பசியும் வரும்லா?"

"வரும் மயினி."

"எப்ப?"

"வைகாசியில."

அவள் போனை என் கையில் கொடுத்தாள்.

"இதைவிடத் தூரத்துல, அடுத்தது எது?"

தேடிக் காட்டினேன். பூமியிலிருந்து பதினொன்றரை வருடத் தொலைவில், சிரியஸுக்குக் கொஞ்சம் வடக்கே, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற ஒன்று. அங்கே நின்று பார்த்தால் அண்ணன் இன்னும் மூன்று வருடம் கிரேன் ஏறுவான்.

"வைகாசி பொறந்ததும் இங்கன மாறிக்கிடுவோம்" என்றாள். "அதுக்கு அடுத்தது எது, அதுக்கும் அடுத்தது எதுன்னு பாத்து எடுத்து வையி. ஒண்ணு ஐப்பசிக்கு வரதுக்கு முந்தி அடுத்ததுக்குப் போயிரணும். எதை எங்கன வைக்கதுன்னு பாக்கதுதான உன் வேலை."

ஆமாம், அதுதான் என் வேலை. மாடிப் படியில் உட்கார்ந்து தூர வரிசைப்படி நட்சத்திரங்களை எடுத்தேன். மயினி பக்கத்தில் உட்கார்ந்து, மங்கலானவற்றை வேண்டாம் என்று தள்ளினாள், கண்ணுக்குத் தெரிகிறதாகப் பார்த்து எடு என்றாள். பதினொன்றரை, பதினாறு, இருபத்தைந்து என்று போய்க்கொண்டே இருந்தது. மயினிக்கு நூறு வயதாகும்வரைக்கும் நட்சத்திரம் இருந்தது.